பீச் ஸ்டேஷனில் பீச் எங்கே போனது தெரியுமா?

கொரட்டூரில் ரயில் ஏறி, வியாசர்பாடி ஜீவா தாண்டி, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகச் சென்னை பீச் ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறீர்களா? அடுத்த முறை இறங்கும்போது ஒரு நிமிடம் நின்று சுற்றிப் பாருங்கள். ராஜாஜி சாலை இருக்கிறது. பர்மா பஜார் கடைகள் இருக்கின்றன. துறைமுகத்தின் மதில் இருக்கிறது. பீச் மட்டும் இல்லை! ஒரு பிடி மணல்கூடக் கிடையாது!

பெயர் வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் அந்தச் சாலைக்குப் பக்கத்தில்தான் அலை அடித்தது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய் ஆட்களையும் சரக்கையும் இறக்கிக்கொண்டு வரும். இதில் படகு கவிழ்ந்து செத்தவர்கள் ஏராளம். அதனால் 1876-ல் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். கடலுக்குள் கல்லைக் கொட்டி, அதன்மேல் கான்கிரீட் பாளங்களை அடுக்கி, அலைதாங்கிச் சுவர்களை எழுப்பினார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அந்தச் சுவர்களைப் பெயர்த்துப் போட்டது. விடவில்லை, மறுபடியும் கட்டினார்கள். சுவர் நின்றது. அதற்குப் பிறகு அந்தக் கரையில் நடந்ததைக் கேட்டால் வாய் பிளப்பீர்கள்!

சுவருக்குத் தெற்கே மணல் சேரத் தொடங்கியது. சேர்ந்தது, சேர்ந்தது, சேர்ந்துகொண்டே இருந்தது. கடல் பின்வாங்கிக்கொண்டே போனது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் அந்தக் கரையோரம் உலாவுவதற்கு நடைபாதை போட்டு ‘மெரினா’ என்று பெயர் வைத்தபோது, இன்றைக்கு நாம் பார்க்கிற அகலத்தில் பெரும்பகுதி இல்லவே இல்லை! சுண்டல் கடை, பஜ்ஜி கடை, குதிரை சவாரி, பட்டம் விடுகிற பிள்ளைகள் என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாம் கால் புதைய நடக்கிற அந்த மணல்வெளியில் பெரும்பங்கு துறைமுகச் சுவர் தடுத்து நிறுத்திய மணல். மெரினாவை இயற்கையின் கொடை என்று பள்ளிக்கூடத்தில் எழுதியிருப்போம். பாதிதான் சரி!

அந்த மணல் எங்கிருந்து வந்தது? தெற்கே இருந்து, நடந்து வந்தது! ஆமாம், கடற்கரை மணல் நடக்கும் என்பது தெரியுமா?

சந்தேகமாக இருந்தால் ஆனி, ஆடி மாதங்களில் மெரினாவுக்குப் போய் அலை ஓரத்தில் கொஞ்ச நேரம் குனிந்து பாருங்கள். அலை கரைக்கு நேராக ஏறாது. தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வந்து, வடக்கு நோக்கிச் சாய்வாகவே மணல்மேல் ஏறும். ஏறிய தண்ணீர் திரும்பும்போது சாய்வாகத் திரும்பாது, சரிவில் நேராக இறங்கும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு தேங்காய் மட்டையைக் குறி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அலை அதைச் சாய்வாகத் தூக்கிப் போடும், நேராக இழுக்கும். அடுத்த அலை மறுபடியும் சாய்வாகத் தூக்கும், நேராக இழுக்கும். பத்துப் பதினைந்து அலைக்குள் மட்டை உங்களைத் தாண்டி வடக்கே போயிருக்கும். மட்டைக்கு நடப்பதுதான் ஒவ்வொரு மணல் துகளுக்கும் நடக்கிறது. பங்குனி வாக்கில் தொடங்கி ஐப்பசி வரை இப்படி வடக்கே. வாடைக்காற்று வீசும் மாதங்களில் திசை மாறி, கொஞ்சம் தெற்கே. வரவு செலவைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் வடக்குப் பயணம்தான். இப்படி ஆண்டுதோறும் நகர்கிற மணல் லட்சக்கணக்கான கன மீட்டர்! இந்தியாவின் கிழக்குக் கரை, உலகத்தில் மணல் அதிகமாக நடமாடும் கரைகளில் ஒன்று.

இப்போது விஷயம் பிடிபட்டிருக்கும். வாய்க்காலில் மேல்மடைக்காரர் தண்ணீரை அடைத்துக்கொண்டால் கடைமடைக்காரர் வயல் காயும் அல்லவா? மெரினா மேல்மடை. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் எல்லாம் கடைமடை! தெற்கிலிருந்து வரவேண்டிய மணல் துறைமுகச் சுவரோடு நின்றுவிட்டது. ஆனால் வடக்குக் கரையில் அலை வழக்கம்போல் அடித்தது, அங்கிருந்த மணலை எடுத்துக்கொண்டு மேலும் வடக்கே போனது. போன மணலுக்குப் பதில் மணல் வரவில்லை. 1876-க்கும் 1975-க்கும் இடையில் அந்தக் கரை சுமார் 500 மீட்டர் உள்வாங்கியது என்றும், 1978-க்கும் 1995-க்கும் இடையில் மேலும் 200 மீட்டர் போனது என்றும் ஒரு மதிப்பீடு உண்டு. அந்த அகலத்தில் வலை உலர்த்திய இடம் இருந்தது, கட்டுமரம் ஏற்றிய மேடு இருந்தது, வீடுகளும் தெருக்களும் இருந்தன. ஒரே சுவர்! தென்பக்கத்துக்கு மெரினா கிடைத்தது, வடபக்கத்துக்குக் கடல் அரிப்பு கிடைத்தது. இதை நான் எத்தனை முறை நினைத்தாலும் மனம் ஆறுவதில்லை. நகரத்தின் பெருமை என்று நாம் காட்டுகிற கடற்கரைக்கும் வடசென்னைக் குப்பங்கள் இழந்த நிலத்துக்கும் கணக்கு ஒன்றுதான்.

துறைமுகம் வருவதற்கு முன்னால் கடல் சும்மா இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் என்ற அழகான தேவாலயம் இருக்கிறதே, அதைக் கட்டிய ராணுவப் பொறியாளர் டி ஹாவிலண்ட், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இன்றைய ஜார்ஜ் டவுன் பக்கம் கடல் ஏறாமல் இருக்கக் கருங்கல் தடுப்பு போட்டார்! ஆக, சென்னையில் கடலுக்குக் கல் போடும் வேலைக்கு இருநூறு வயது. ஆனால் அன்றைக்குக் கடல் ஒரு பருவத்தில் எடுத்ததை மறு பருவத்தில் பெரும்பாலும் திருப்பித் தந்தது. திருப்பித் தருவது நின்றது துறைமுகத்துக்குப் பிறகு.

கணிதமேதை ராமானுஜனுக்கும் இந்த மணலுக்கும் ஒரு தொடர்பு உண்டு தெரியுமா? 1912-ல் ராமானுஜன் மதராஸ் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அப்போது கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். ராமானுஜனின் திறமையை உணர்ந்து கைதூக்கிவிட்டவர்களில் அவரும் ஒருவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஸ்பிரிங்தான், கிழக்கு நோக்கி இருந்த துறைமுக வாசல் அலைக்கும் மணலுக்கும் தாங்காது என்று அதை மூடிவிட்டு, வடகிழக்கில் புது வாசல் திறந்தவர். மதராஸ் துறைமுகத்தை ஒட்டி மணல் எப்படி நகர்கிறது, கரை எவ்வளவு வளர்கிறது என்று அளவெடுக்கச் செய்து, லண்டன் சிவில் பொறியாளர் கழகத்துக்குக் கட்டுரையும் எழுதினார். கரை மாற்றத்தைக் கணக்கு வைத்துப் பார்த்த உலகின் முன்னோடி ஆவணங்களில் நம் ஊர்க் கரைக்கு இடம் உண்டு! ஒரே அலுவலகத்தில், ஒரு மேசையில் கணிதம், இன்னொரு மேசையில் மணல்!

சரி, கரை நகர்வதை எப்படி அளக்கிறார்கள்? அலை ஒரு நொடி இங்கே இருக்கிறது, அடுத்த நொடி பத்தடி தள்ளி இருக்கிறது. கரைக்கோடு என்று எதைச் சொல்வது?

பழைய வழி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அலை தொடாத இடத்தில், அசையாத ஒரு கல்லில் அல்லது கட்டடத்தில் பெஞ்ச் மார்க் குறித்துக்கொள்வார்கள். அங்கிருந்து கடலை நோக்கி நேர்கோட்டில் நடந்து, சில மீட்டருக்கு ஒரு தரம் ஸ்டாஃப் என்ற அளவுக் கம்பை நிறுத்தி ரீடிங் எடுப்பார்கள். இடுப்பளவு தண்ணீர் வரை ஒருவர் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். அலை வந்து மோதும். கம்பு ஆடாமல் நிற்க வேண்டும், கால்மண் கரைந்துகொண்டே இருக்கும், கரையில் இருப்பவர் அலை வடிகிற அந்த ஒரு கணத்தில் எண்ணைப் படித்துவிட வேண்டும்! இப்போது ஆர்.டி.கே. ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. கம்பின் உச்சியில் குமிழ்போல ஒரு ஆன்டெனா, கையில் ஒரு சிறு திரை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிசகுக்குள் இடத்தையும் உயரத்தையும் சொல்லிவிடும். ஆனாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்க மனிதர்தான் வேண்டும். பருவமழைக்கு முன் ஒரு தரம், பின் ஒரு தரம், அதே கோட்டில், அதே பெஞ்ச் மார்க்கிலிருந்து. அப்படிப் பல ஆண்டு எடுத்தால்தான் கரை உண்மையில் தேய்கிறதா, இல்லை பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குகிறதா என்று தெரியும்.

ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குப் பக்கத்தில் நாரபீன் என்றொரு கடற்கரை. அங்கே 1976-ல் தொடங்கிய இந்த அளவெடுப்பு இன்று வரை தொடர்ந்து நடக்கிறது! அரை நூற்றாண்டாக ஒரே கரையை விடாமல் அளக்கிறார்கள். உலகம் முழுக்கக் கடலரிப்புக் கணக்குப் போடுகிறவர்கள் அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கிறார்கள். பிறகு அதே சிட்னியில் 2017-ல் இன்னொன்று தொடங்கினார்கள். கடற்கரையில் ஒரு கம்பம், அதில் செல்போன் வைக்க ஒரு தாங்கி. யார் வேண்டுமானாலும் போனை அதில் வைத்துப் படம் எடுத்து அனுப்பலாம். எல்லாப் படமும் ஒரே இடத்திலிருந்து, ஒரே கோணத்தில். அதிலிருந்து கரைக்கோட்டைக் கணினி பிரித்தெடுத்துவிடும்! கோஸ்ட்ஸ்னாப் என்று பெயர். பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, பொறுமைதான் தேவை.

வானத்திலிருந்தும் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 1972-ல் ஏவிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளிலிருந்து இன்று வரை படங்கள் சேர்ந்துகொண்டே வருகின்றன. 2008-ல் அந்தக் களஞ்சியத்தையே இலவசமாகத் திறந்துவிட்டார்கள்! பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களையும் கள அளவீடுகளையும் வைத்து இந்தியப் பெருநிலக் கரை முழுவதையும் ஆராய்ந்தது. 526 வரைபடங்கள்! கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கரை அரிக்கப்படுகிறது என்பது அதன் முடிவு. தமிழ்நாட்டில்? 991 கிலோமீட்டர் கரையில் சுமார் 423 கிலோமீட்டர் அரிப்பில் இருக்கிறது. அதாவது 42.7 சதவீதம்! பத்தடி நடந்தால் நாலடிக்கு மேல் கடல் தின்கிற கரை. இந்த அளவெடுப்புக்கு நாடு பார்க்கும் தலைமை இடம் நம் சென்னைக்குள்ளேயே இருக்கிறது என்பது நமக்கே தெரியாத பெருமை.

கரைக்கோட்டை மட்டுமல்ல, கடல் மட்டத்தையும் அளக்கிறார்கள். ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகையின் அடியில் எம்.எஸ்.எல். என்று போட்டு ஒரு எண் எழுதியிருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? கடல் மட்டத்திலிருந்து அந்த ஸ்டேஷன் எத்தனை மீட்டர் உயரம் என்பது அது. அந்தக் கடல் மட்டத்தின் பூஜ்யம் எங்கே? 1909-ல் இந்தியாவுக்கான உயரக் கணக்கை நிர்ணயித்தபோது ஒன்பது துறைமுகங்களில் கடல் மட்டத்தைப் பதிய வைத்திருந்த அலைமானிகளின் பல ஆண்டுச் சராசரியை எடுத்தார்கள். அந்த ஒன்பதில் மதராஸும் உண்டு, நாகப்பட்டினமும் உண்டு! காஷ்மீரில் ஒரு ஸ்டேஷனின் உயரத்தைச் சொல்லும் கணக்குக்குள்ளும் நம் ஊர்க் கடலின் ஏற்ற இறக்கம் கலந்திருக்கிறது.

அலைமானி சொல்லும் இன்னொரு சேதியைக் கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். பெங்களூரு சிஸ்டெப் ஆய்வு மையம் 2024-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 1987-லிருந்து 2021 வரை மும்பையில் கடல் மட்டம் 4.44 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. சென்னையில் 0.679 சென்டிமீட்டர்! ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை! அப்படியானால் வடசென்னையில் நூற்றுக்கணக்கான மீட்டர் நிலம் போனதற்கு உலக வெப்பமயம் மட்டும் காரணம் என்று கைகாட்ட முடியுமா? முடியாது. கடல் மட்டம் இனி வேகமாக உயரும் என்பது உண்மை, அதற்கு அஞ்சித்தான் ஆக வேண்டும். ஆனால் இதுவரை போன நிலம் பெரும்பாலும் மணலை வழிமறித்ததால் போனது. நாம் செய்தது. ஆகவே நாம் சரிசெய்யக்கூடியதும்கூட!

சரிசெய்ய முதலில் கையில் எடுத்தது கல். எண்ணூர் விரைவு சாலையில் போயிருந்தால் கடல் ஓரம் நெடுக மலைபோல் கொட்டிக் கிடக்கும் கருங்கற்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல் சுவர் இல்லாவிட்டால் சாலையே இருக்காது, அதை மறுக்க முடியாது. ஆனால் கல்லில் மோதிய அலை சும்மா திரும்பாது. திரும்பும்போது சுவரின் அடிமணலைத் தோண்டிக்கொண்டு போகும். முன்னால் இருக்கும் கடல் ஆழமாகும், ஆழமானால் பெரிய அலை வரும், கல் சரியும், மறுபடியும் கல் கொட்ட வேண்டும். சுவர் நிலத்தைக் காக்கும், மணற்கரையைக் காக்காது. கட்டுமரத்தை எங்கே ஏற்றுவது, வலையை எங்கே விரிப்பது? கல்லின் மேலா?

அடுத்து வந்தது தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் வரிசை. 2004-ஐ ஒட்டி ராயபுரம் தொடங்கி எண்ணூர் பக்கம் வரை தொடராகத் தூண்டில் வளைவுகள் போட்டார்கள், சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை வழிகாட்டியது. பலன் கண்முன்னே தெரிந்தது. காசிமேட்டில் மணல் திரும்பி வந்தது! இன்றைக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் ‘என்-4 பீச்’ போகலாம் என்று கிளம்புகிறார்களே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? மீன்பிடித் துறைமுகக் காவல் நிலையத்தின் எண் அது! போலீஸ் ஸ்டேஷன் எண்ணில் ஒரு கடற்கரை! போனால் ஒரு தூண்டில் வளைவின்மேல் ஏறி நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். தென்பக்கம் மணல் உயர்ந்து, கல்லின் தோள் வரை வந்து உலர்ந்து கிடக்கும். வடபக்கம் எட்டிப் பார்த்தால் மணல் தாழ்ந்து, ஈரக் கற்கள் பாசி படிந்து வெளியே தெரியும், நண்டு ஓடும். ஒரு கல் வரிசையின் இரண்டு பக்கத்துக்கும் அத்தனை வித்தியாசம்! நூற்றைம்பது வருடச் சென்னைக் கரையின் வரலாறு முழுவதும் அந்தச் சில மீட்டருக்குள் தெரிந்துவிடும்.

அங்கே கிடக்கும் நாலு கால் கான்கிரீட் பாளத்தையும் பாருங்கள். டெட்ராபாட் என்று பெயர். 1950-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரத்து நீரியல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. எப்படிப் போட்டாலும் மூன்று கால் ஊன்றி ஒரு கால் மேலே நிற்கும்! ஒன்றோடொன்று கால் பின்னிக்கொள்ளும். நடுவே நிறைய இடைவெளி. அலை அந்த இடைவெளிகளுக்குள் புகுந்து சுற்றிச் சுற்றியே பலம் இழந்துவிடும்.

ஆனால் தூண்டில் வளைவும் மணலை உண்டாக்குவதில்லை, பிடித்து வைக்கிறது. கடைசி வளைவுக்கு வடக்கே இருக்கும் ஊர் புதிய கடைமடை ஆகிவிடுகிறது. அதனால் அந்த ஊரும் வளைவு கேட்கிறது, கேட்பதில் தப்பே இல்லை. திருவொற்றியூர் பக்கத்துக் குப்பங்கள் கேட்டன. பெரியகுப்பம், சின்னக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று கோரிக்கை வடக்கே நகர்ந்துகொண்டே போகிறது. அதற்கும் வடக்கே 2001-ல் எண்ணூர் துறைமுகம் (இன்றைய காமராஜர் துறைமுகம்) வந்தது, பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அலைதாங்கிச் சுவர், ஒவ்வொரு சுவருக்கும் வடக்கே அரிப்பு. அதற்கப்பால் இருப்பது பழவேற்காடு ஏரி. வங்கக் கடலுக்கும் அந்த ஏரிக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய மணல் பட்டை. அது தேய்ந்து ஓரிடத்தில் உடைந்தால் ஏரியின் உப்பு, மீன், இறால், பறவை, அதை நம்பிய ஊர்கள் எல்லாமே மாறிப்போகும். இந்தக் கரையில் மிக அடிக்கடி, மிகக் கவனமாக அளக்கப்பட வேண்டிய இடம் அதுதான் என்பது என் எண்ணம்.

கல்லை விட்டுவிட்டு வேறு வழி பார்த்தவர்களும் இருக்கிறார்கள். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகம் கட்டிய பிறகு நகரத்தின் பீச்சே காணாமல் போய், காந்தி சிலைக்கு முன்னால் கருங்கல் குவியல்தான் இருந்தது. 2018-ல் சென்னை ஆராய்ச்சியாளர்களின் திட்டப்படி ஆப்பு வடிவில் ஒரு பெரிய எஃகு அமைப்பைக் கடலுக்குள் மூழ்கவைத்து நீரடித் திட்டு ஒன்றை உண்டாக்கினார்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அலை அதன்மேல் ஏறி உடைந்து தணிந்தது, மணல் தங்கியது, ஒரு தலைமுறை பார்க்காத கடற்கரை திரும்பி வந்தது! தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வான் தீவும் இப்படித்தான். பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கியே போய்விட்டன! மூன்றாவதாகப் போக இருந்த வான் தீவைச் சுற்றிக் கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். தேய்வு தணிந்தது, அந்தப் பாறைகளில் பவளமும் மீனும் குடியேறின. விசாகப்பட்டினத்தில் 1933-ல் இரண்டு பழைய கப்பல்களையே மூழ்கடித்து அலைதாங்கி ஆக்கினார்கள் தெரியுமா! நெதர்லாந்தில் 2011-ல் சுமார் 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலைக் கடலோரம் ஒரே இடத்தில் கொட்டிவிட்டு, மீதி வேலையை அலையும் காற்றும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அலை அதை வாரி இரண்டு பக்கக் கரைக்கும் பங்கிட்டுக் கொடுத்துவருகிறது!

இவ்வளவும் சரி, கடலிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கொரட்டூர்க்காரர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறையவே!

முதலில், கொரட்டூர் ஒன்றல்ல, இரண்டு. அம்பத்தூரை ஒட்டிய நம் கொரட்டூர் ஒன்று. பூந்தமல்லி வட்டத்தில் கூவம் ஆற்றங்கரையில் ஜமீன் கொரட்டூர் இன்னொன்று. அங்கே கூவத்தின் குறுக்கே இருப்பதுதான் கொரட்டூர் அணைக்கட்டு. கூவத்து வெள்ளத்தைப் புது பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பிவிடுவது அதன் வேலை. அதற்கும் மேலே கேசவரம் அணைக்கட்டு, கொசஸ்தலையாற்றுத் தண்ணீரைக் கூவத்துக்குப் பிரித்துவிடுகிறது. 1944-ல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் கொசஸ்தலையாற்றையே மறித்து நிற்கிறது. இவையெல்லாம் நமக்குக் குடிநீர் தருபவை, வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுபோவதில்லையே! கடற்கரை மணல் பெரும்பாலும் ஆறுகள் மலையிலிருந்தும் மேட்டிலிருந்தும் அரைத்து உருட்டிக் கொண்டுவந்தது. அணையில் தண்ணீர் நிற்கும்போது மணலும் அடியில் படிந்துவிடுகிறது. அணைக்குக் கீழே மிச்சம் இருந்த மணலை லாரி லாரியாக அள்ளி நம் வீடுகளையும் அடுக்குமாடிகளையும் கட்டிக்கொண்டோம். கொரட்டூரில், அம்பத்தூரில், ஆவடியில் கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வருவதற்கு முன்னால் எழும்பிய ஒவ்வொரு சுவரிலும் ஆற்று மணல் இருக்கிறது. கடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணலில் அதுவும் ஒரு பங்கு!

இரண்டாவது சேதி இன்னும் நெருக்கமானது. கடல் தரைக்கு மேலே மட்டுமா உள்ளே வருகிறது? தரைக்கு அடியிலும் வரும்! நமக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தபோது, நல்ல தண்ணீர் விட்ட இடத்தைக் கடல்நீர் பிடித்துக்கொண்டது. 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே இருந்த உப்பு எல்லை 1987-ல் 9 கிலோமீட்டருக்கு வந்துவிட்டது! அலை இல்லை, சத்தம் இல்லை. கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்ந்தன. இதையும் கண்காணிக்கிறார்கள். குறிப்பிட்ட கிணறுகளில் தண்ணீர் எடுத்து, அதில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்க்கிறார்கள். உப்பு கூடினால் மின்கடத்தல் கூடும். இந்தக் கடலுக்குத் தடுப்பு கருங்கல் அல்ல, நல்ல தண்ணீர்தான். ஆற்றில் தடுப்பணை, நிரம்பிய ஏரி, மழைநீர் இறங்கும் கிணறு. நிலத்துக்குள் நல்ல நீரின் அழுத்தம் இருந்தால் உப்பு நீர் பின்வாங்கும். அம்பத்தூர் ஏரி நிரம்பிக் கொரட்டூர் ஏரிக்கு வந்து, கொரட்டூர் ஏரி நிரம்பி ரெட்டேரிக்குப் போகிற சங்கிலி இருக்கிறதே, அதில் கழிவுநீர் கலக்காமல், கரையை யாரும் வளைக்காமல் பார்த்துக்கொள்வது வீட்டு போர்வெல்லில் வரும் தண்ணீருக்காக மட்டும் அல்ல. சென்னையின் நிலத்தடி நீருக்கு மேற்கிலிருந்து கிடைக்கும் பலம் இந்த ஏரிகள்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனாலும் சரி, எண்ணூருக்கு உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் சரி, கடற்கரையில் அசையாத ஒரு அடையாளத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு கோயில் சுவர், ஒரு விளக்குக் கம்பம், ஒரு தூண்டில் வளைவின் தலைக்கல், எதுவானாலும். ஆடியில் ஒரு படம், தையில் ஒரு படம், அதே இடத்திலிருந்து, அதே பக்கம் பார்த்து எடுத்து, தேதி போட்டு வையுங்கள். பிள்ளைகளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் ஆசையாகச் செய்வார்கள். பேப்பரில் எங்காவது புதிய தூண்டில் வளைவு, புதிய துறைமுகச் சுவர் என்று செய்தி வந்தால், அதற்கு வடக்கே இருக்கும் ஊர் எது, அந்தக் கரையை இதுவரை எத்தனை ஆண்டு அளந்திருக்கிறார்கள், கட்டிய பிறகு யார் அளப்பார்கள், அந்த அளவு மக்கள் பார்வைக்கு வருமா என்ற நான்கு கேள்விகளைக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கேட்க நெட்டுக்குப்பத்துக்காரர் மட்டும் போதாது, கொரட்டூர்க்காரரும் போக வேண்டும்.